ஊர்க்கணக்கர் குமரப்பா

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்த் தெருக்களில் தறியோசை கேட்பதுபோலவே, ஊரைச் சுற்றியும் அருகிலுள்ள களம்பூரிலும் அரிசி ஆலைகளின் ஓசையும் கேட்கும். தொலைவிலுள்ள ஊர்களின் மளிகைக்கடைகளிலும் அரிசி மூட்டைகளின்மேல் ஆரணி என்னும் பெயரைக் காணலாம். பட்டும் அரிசியும் ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு வெளியூர் செல்கின்றன. அவற்றுக்கு ஈடாக ஊருக்குள் திரும்பி வருவது எவ்வளவு? நெல்லை விளைத்தவர், அதனை அரிசியாக்கியவர், விற்றவர், உண்பவர் ஆகியோருள் யாருக்கு எப்பங்கு சேர்கிறது? ஒரு பிடி அரிசியை முன்வைத்து இக்கேள்வியைத் தம் வாழ்வின் பிற்பாதி முழுவதும் விடாது எழுப்பியவர், இலண்டனில் பயின்ற பட்டயக் கணக்காளர் ஒருவர். அவரே ஜே.சி. குமரப்பா.

கணக்கு கற்ற காலம்

குமரப்பா 1892 சனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித்துறை அலுவலர். தாய் எஸ்தர் இராசநாயகம். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். ஒழுங்கும் சமயப்பற்றும் மிக்க கிறித்தவக் குடும்பம் அது. செல்லத்துரை இலண்டன் சென்று கணக்காளர் பயிற்சி பெற்றார். முதல் உலகப்போர் நடந்த ஆண்டுகளை அங்கேயே கழித்தார். தாயின் விருப்பத்துக்கு இணங்கி 1919இல் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கைப் பணியில் ஈடுபட்டார். நடை, உடை, உணவு அனைத்திலும் அவர் அந்நாளில் ஆங்கிலேயரைப் போலவே வாழ்ந்தார்.

1927இல் அமெரிக்கா சென்று, சைரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகமும் பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியலும் பயின்றார். அங்குத் தேவாலயம் ஒன்றில், இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பது குறித்து உரையாற்றினார். அவ்வுரை பற்றிய செய்தி நியூயார்க் நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் எட்வின் செலிக்மன், அதே பொருளை ஆய்வாக விரித்து எழுதுமாறு தூண்டினார். குமரப்பா ஆவணங்களைப் புரட்டினார். வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது என்று ஒரு நிறுவனத்தின் பேரேட்டைத் தணிக்கை செய்வதுபோல ஆங்கில அரசின் வரவுசெலவைத் தணிக்கை செய்தார். மக்களின் ஏழ்மைக்குச் சோம்பலே காரணம் எனக் கூறப்பட்டுவந்த கூற்று, அக்கணக்கின்முன் நிற்கவில்லை. ஆங்கில ஆட்சியை நம்பி வாழ்ந்த கணக்காளர் அந்த ஆய்வின் முடிவில் வேறொருவராக மாறியிருந்தார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதையும் மீட்டெடுத்துச் சூட்டிக்கொண்டார்.

ஆய்வேட்டை வெளியிடும் எண்ணத்துடன் 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமம் சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவரே காந்தி என்பதைச் சற்று நேரம் கழித்தே குமரப்பா அறிந்தார். மேலைநாட்டு உடையுடன் அத்தரையிலேயே அமர்ந்தார். அச்சந்திப்பின் பயனாக, குசராத்து வித்யாபீடத்தின் மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் ஊர்களில் பொருளாதார ஆய்வு மேற்கொண்டார். 54 ஊர்களில் வீடுவீடாகச் சென்று உழவரின் வரவையும் செலவையும் கடனையும் குறித்தனர். பேரேட்டில் மட்டுமே வறுமையைக் கண்டிருந்தவர், இப்போது அதன் முகத்தைக் கண்டார்.

அவரது கணக்கு எத்துணைக் கண்டிப்பானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1934இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இராசேந்திர பிரசாத்தின் தலைமையில் நடந்த துயர்துடைப்புப் பணியில் நிதிப்பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என உணவுச்செலவை வரையறுத்தார். அவ்வேளையில் காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தார். அக்குழுவின் உணவுக்கும் ஊர்திக்கும் ஆகும் செலவைத் துயர்துடைப்பு நிதியிலிருந்து வழங்க இயலாது எனக் குமரப்பா அறிவித்துவிட்டார். காந்தியடிகளும் அதனை ஏற்றுக்கொண்டார். பொதுப்பணம் ஒருவருக்கும் சொந்தமன்று என்னும் இத்தெளிவு இல்லாமையால்தான் எத்தனையோ கூட்டுறவுப் பண்டகசாலைகள் பின்னாளில் மூடப்பட்டன என்பதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

மகன்வாடியில்

1934 திசம்பரில் வார்தாவில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதனை உருவாக்கி நடத்தும் செயலாளர் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சங்கத்தின் அறிவுரையாளர் வரிசையில் தாகூர், ஜகதீச சந்திர போசு, பிரபுல்ல சந்திர ராய், சி.வி. இராமன், இராபர்ட் மெக்கரிசன் ஆகியோர் இடம்பெற்றனர். ஊர்ப்புற உரலையும் செக்கையும் பற்றிப் பேச இத்தனை அறிவியலாளர் எதற்கு என்று நமக்குத் தோன்றக்கூடும். பழமை என்பதற்காக எதையும் போற்றுவது குமரப்பாவின் வழக்கமன்று. ஆய்ந்து பார்த்து ஏற்பதே அவர் வழி.

சங்கத்தின் இருப்பிடம், சம்னாலால் பசாசு அளித்த தோட்டமாகிய மகன்வாடி. அங்கே நெல் குற்றும் கருவிகளும் மாவரைக்கும் திரிகைகளும் மரச்செக்குகளும் சோதித்துத் திருத்தப்பட்டன. தேனீ வளர்ப்பு, பனைவெல்லம் காய்ச்சுதல், கையால் தாள் செய்தல் ஆகியவற்றில் பல பகுதிகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் பயிற்சி பெற்றனர். தாவர எண்ணெயில் எரியும் விளக்கும், புகை குறைந்த அடுப்பும் அங்கு உருவாயின. குமரப்பா சிறு குடிலில் தங்கி, ஊர்ப்புறத்தார் உண்ணும் எளிய உணவையே உண்டார். தணிக்கை நிறுவனம் நடத்திய பம்பாய் வாழ்க்கையை அவர் மீண்டும் நாடவில்லை.

அரிசியின் கணக்கு

கைக்குத்தல் அரிசியைப் பற்றிய அவரது வாதம் உடல்நலத்தில் தொடங்குகிறது. நெல்லின் உமியை நீக்கினால் கிடைக்கும் அரிசியின்மேல் தவிட்டுப் படலம் ஒன்று இருக்கிறது. ஆலை அதனைச் சீவி வெண்மையாக்குகிறது. சீவப்படும் படலத்தில்தான் பி வகை உயிர்ச்சத்துகள் மிகுந்துள்ளன. சாவாத் தீவில் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் நோயுற்றதைக் கண்டு, பெரிபெரி நோயின் காரணத்தை அறிய வழிகாட்டிய ஐக்மன் என்னும் தச்சு மருத்துவர் 1929இல் நோபல் பரிசு பெற்றார். நம் குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்திய மெக்கரிசனும் இதே பொருளை ஆராய்ந்தார். அன்றைய சென்னை மாகாணத்தில் பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் பகுதியில் பெரிபெரி மிகுதி. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப்பகுதிகளில் குறைவு. நெல்லை வேகவைக்கும்போது உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். புழுக்கும் முறையைக் கண்டறிந்த நம் முன்னோர்க்கு உயிர்ச்சத்து என்னும் சொல் தெரியாது, பயன் தெரிந்திருந்தது.

ஆயினும் குமரப்பாவின் கணக்கு உடல்நலத்தோடு முடிவதில்லை. ஊரில் நெல் குற்றியவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். குற்றுகூலியாக அவர்கள் பெற்ற அரிசி, அவர்தம் அடுப்பை எரியவைத்தது. தவிடு அவ்வூர்க் கால்நடைக்குச் சென்றது. உமி அடுப்பெரிக்க உதவியது. நெல் மூட்டை வண்டியேறி நகர ஆலைக்குப் போனபோது, அரிசி மட்டும் போகவில்லை; கூலியும் தவிடும் உமியும் சேர்ந்தே போயின. எண்ணெய் வித்தின் கதையும் அதுவே. வித்து வெளியேறினால் பிண்ணாக்கும் வெளியேறும். மாட்டின் தீனியும் அதன் வழியே நிலத்தின் உரமும் வெளியேறும். எண்ணெயை விலைகொடுத்துத் திரும்ப வாங்கலாம். மண்ணின் வளத்தை எந்தக் கடையில் வாங்குவது?

கைக்குத்தல் அரிசிக்குக் குறையும் உண்டு. தவிட்டிலுள்ள எண்ணெய்ப்பசை காரணமாக அது விரைவில் சிக்கு வாடை பெறும். வண்டும் புழுவும் எளிதில் பற்றும். நெடுந்தொலைவு கொண்டுசென்று பல மாதம் அடுக்கிவைக்கும் வணிகத்துக்கு அது ஒத்துவராது. தீட்டிய அரிசி சந்தையை வென்றதற்கு வெண்மையின்மேல் மக்கள் கொண்ட மோகத்தைப்போலவே இதுவும் பெருங்காரணம். ஆகவே நெல்லாகவே சேமித்து, வேண்டும்போது வேண்டிய அளவு குற்றி, அருகிலிருப்பவர்க்கு விற்பதே ஏற்றவழி. நேற்றுக் குற்றிய அரிசியை இன்று வாங்கும் சந்தை, வண்டியேறிச் செல்லும் தொலைவில் இருக்க முடியாது. பதநீரோ இன்னும் அவசரக்காரப் பண்டம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கி, அன்றே காய்ச்சியாக வேண்டும். இத்தகைய உணவுகளின் தன்மையே அவற்றுக்கு உரிய சந்தை எங்கு அமைய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

உரலும் உலக்கையும் என்றவுடன், விடியுமுன் எழுந்து கைசிவக்கக் குற்றிய பெண்களின் உழைப்பை மறந்து பேசுவது நேர்மையாகாது. ஆலை வந்தபோது அப்பெண்களுள் பலர் ஓய்வு கிடைத்ததென மகிழ்ந்திருப்பர். மகன்வாடியில் கருவிகளைத் திருத்த முயன்றதன் நோக்கம் இந்த உழைப்பை எளிதாக்குவதே. எனினும் குமரப்பா அழுத்திக் கேட்டது வேறொன்று: உழைப்பு குறைந்தபின் அப்பெண்ணுக்கு வேறு வருவாய் கிடைத்ததா? கிடைத்த இடங்களில் அவரது வாதம் வலுவிழக்கிறது. கிடைக்காத இடங்களில் அது இன்றும் நிற்கிறது.

ஊரே உடைமையாளர்

சந்தையில் வாழைப்பழம் விற்பவரையும் கையில் காசுடன் வருபவரையும் குமரப்பா ஒப்பிட்டுக் காட்டுவார். பழம் நாளை அழுகிவிடும், காசு அழுகாது. மாலை நெருங்க நெருங்க விற்பவர் விலையைக் குறைத்தாக வேண்டும். வாங்குபவர் காத்திருக்கலாம். இருவரும் விரும்பிச் செய்துகொள்ளும் வணிகம்போலத் தோன்றினும், தராசு தொடக்கத்திலேயே ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. உணவுப்பொருளை விளைப்பவர் தனியே நின்று இச்சாய்வைச் சரிசெய்ய இயலாது. சேமித்துவைக்க ஒரு கிடங்கும், கிடங்கிலுள்ள தானியத்தின்மேல் முன்பணமும், நேர்மையான எடையும் வேண்டும். அவை ஊராருக்கே உடைமையாக இருக்க வேண்டும். இங்குதான் கூட்டுறவு வருகிறது.

கூட்டுறவு நம் மண்ணுக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் இராச்டேல் நகர நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் 1844இல் மாவும் வெண்ணெயும் விற்கும் சிறுகடையைத் தங்களுக்கெனத் தொடங்கினர். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப ஆதாயத்தில் பங்கு என்னும் அவர்தம் விதிகள் உலகெங்கும் பரவின. சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அளித்த அறிக்கைகள் கூட்டுறவுச் சட்டத்துக்கு அடிகோலின. 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்களுள் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாத்திரியாரும் ஒருவர்.

குமரப்பா விரும்பிய கூட்டுறவு, கடன்தரும் சங்கம் என்ற அளவில் நிற்பதன்று. அவரது பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் அறுவடைத் தானியத்தைக் கிடங்கில் காக்கும், கணக்கில் வரவுவைக்கும், ஊருக்கு வேண்டியதைக் குற்றியும் ஆட்டியும் ஊருக்குள்ளேயே விற்கும், மிஞ்சியதை மட்டும் வெளியே அனுப்பும், ஊரில் விளையாததை மொத்தமாக வாங்கிவரும். நிலவரியைக்கூடத் தானியமாகவே பெற்று, அரசு அலுவலர்க்கு ஊதியத்தின் ஒரு பகுதியாக அதனை வழங்கலாம் என்பது அவர் கருத்து. இவ்வாறு செய்தால், அறுவடைக் காலத்தில் வரிகட்டுவதற்காகக் குறைந்த விலைக்கு நெல்லை விற்றுவிட்டுப் பின்னர்க் கூடிய விலைக்கு வாங்கும் அவலம் நீங்கும். ஓர் இலட்சம் மக்கள் வாழும் பகுதிக்குத் தானியம், பருப்பு, வெல்லம், எண்ணெய், பால், காய்கறி எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு, அதற்கேற்ப நிலத்தைப் பகிர்ந்து பயிரிடும் திட்டத்தையும் வகுத்தார். விலை கிடைக்கும் பயிரை முதலில் எண்ணாமல், உண்ணும் வயிற்றை முதலில் எண்ணிய திட்டம் அது.

சங்கம் என்று பெயர்ப்பலகை மாட்டியதெல்லாம் அவர் கண்ணில் கூட்டுறவாகிவிடவில்லை. ஆலைநூலை வாங்கித் தறிகளுக்குப் பங்கிட்ட கைத்தறிச் சங்கங்களை அவர் குறையுடையனவாகவே கருதினார். நூற்பவரும் நெய்பவரும் உடுத்துபவரும் ஒரே வளையத்தில் இணையும்போதே அது முழுமையுறும் என்றார். ஆரணி போன்ற ஊருக்கு இவ்வளவுகோல் சற்றுக் கடினமானது. கச்சாப்பட்டு பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. புடைவையோ தொலைவிலுள்ள திருமண வீடுகளுக்குச் செல்கிறது. பட்டில் அந்த வளையத்தை ஊருக்குள் மூடுவது அரிது. உணவில் அது அரிதன்று. நெல் சுற்றுப்புற வயல்களில் விளைகிறது. சாமையும் தேனும் புளியும் மேற்கேயுள்ள சவ்வாது மலையில் கிடைக்கின்றன. நிலக்கடலை அம்மாவட்டத்தின் மானாவாரி நிலங்களுக்குப் பழகிய பயிர். தறியில் அமர்பவர் நாள்தோறும் உண்ண வேண்டியவர்; மலையில் சாமை விளைப்பவர் உடுத்த வேண்டியவர். இருவரும் பங்குதாரராகச் சேர்ந்து நடத்தும் ஓர் உணவுச்சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பெயர்சொல்லி அறிவர். அந்த அறிமுகத்தைக் குமரப்பா பெரிதும் மதித்தார். ஒரு பொருளை வாங்குபவர், அது எவ்வாறு செய்யப்பட்டதோ அதற்கும் பொறுப்பாளர் ஆகிறார் என்பது அவர் கொள்கை. கூலி குறைத்துச் செய்யப்பட்டதையோ கலப்படம் செய்யப்பட்டதையோ மலிவெனக் கருதி வாங்குபவரும் அக்குற்றத்தில் பங்குகொள்கிறார். தொலைவிலிருந்து வரும் பொருளின் வரலாற்றை எவரும் எளிதில் அறிய முடியாது; பக்கத்து ஊர்ச் செக்கில் என்ன நடக்கிறது என்பதை நடந்துபோய்ப் பார்த்துவிடலாம்.

இக்கருத்துகள் வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மதுவிலக்கு 1937இல் சேலத்திலும் 1948இல் மாகாணம் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தபோது, கள் இறக்கிய பனைத்தொழிலாளர்கள் பிழைப்பிழந்தனர். அவர்களைப் பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் பயிற்றிப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பனைவெல்லத்தைப் பற்றி மகன்வாடியில் நடந்த பணி அதற்குத் துணைநின்றது. நல்ல வயலைக் கரும்புக்குக் கொடுப்பதைவிட, தரிசில் தானே நிற்கும் பனையிலிருந்து இனிப்பைப் பெறுவது சிக்கனம் என்பதும் குமரப்பா போட்ட கணக்குத்தான்.

சிறையும் தனிமையும்

விடுதலைப் போரில் அவர் பலமுறை சிறை சென்றார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒட்டிச் சிறையிலிருந்தபோது, நிலைபேறுடைய பொருளியலைக் குறித்த புகழ்பெற்ற ஆங்கில நூலை எழுதினார். அது 1945இல் வெளிவந்தது. இயற்கையில் காணும் வாழ்முறைகளை அதில் வரிசைப்படுத்துகிறார். புலி கொன்று தின்கிறது. குரங்கு தான் நடாத தோப்பில் கனி பறிக்கிறது. பறவை தன் கூட்டைத் தானே கட்டுகிறது. தேனீக்கள் கூட்டத்துக்காகச் சேமிக்கின்றன. தாய்ப்பறவையோ எதிர்பார்ப்பின்றிக் குஞ்சுக்கு ஊட்டுகிறது. தேனீயின் வாழ்வை அவர் உச்சியில் வைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கூட்டம் தன்னலத்துக்காக மட்டும் இணைந்தால், அது பெரிதாக்கப்பட்ட தன்னலமே. உறுப்பினர்க்கு ஆதாயம் பிரித்துக்கொடுத்துவிட்டு, உறுப்பினராகச் சேரவும் பணமில்லாத ஏழையை வாசலில் நிறுத்தும் சங்கத்தை இவ்வரிசையில் எங்கு வைப்பது என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

நேருவின் தலைமையில் 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் அவரும் உறுப்பினராக இருந்தார். பெருந்தொழிலையே முதன்மையாகக் கொண்ட போக்கோடு ஒத்துப்போக இயலாமல் விலகினார். விடுதலைக்குப்பின் காங்கிரசின் வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, 1949இல் அறிக்கை அளித்தார். அவர் விரும்பிய திசையில் நாடு செல்லவில்லை. தம் கருத்தை எவருக்காகவும் மெழுகிப் பேசும் இயல்பு அவரிடம் இல்லாமையால், பழைய நண்பர்களும் சிலபோது விலகியே நின்றனர்.

கல்லுப்பட்டியில்

உடல்நலம் குன்றிய நிலையில், 1950களில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டிக்கு வந்தார். கோ. வேங்கடாசலபதி 1940இல் நிறுவிய காந்திநிகேதன் ஆசிரமம் அவருக்கு இறுதி இல்லமாயிற்று. அங்கிருந்த சிறு வீட்டின் சுவரில் ஏழை உழவர் ஒருவரின் படம் மாட்டப்பட்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் அது யார் என வினவுவர். காந்தியடிகள் தமக்குத் தலைவர் என்றும், அப்படத்திலிருப்பவர் தம் தலைவருக்குத் தலைவர் என்றும் அவர் விடையளிப்பார்.

1958இல் நடுவணரசு அரிசி ஆலைகளுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. கைக்குத்தல் தொழிலுக்கு ஆலைகளால் ஏற்படும் பாதிப்பு அச்சட்டத்தில் ஓரளவு இடம்பெற்றது. ஆயினும் ஆலைகள் பெருகின. ஊர்களில் உரல்கள் முற்றத்து மூலைக்கு ஒதுங்கின. மணம்புரியாமல், சொத்தென்று எதுவும் சேர்க்காமல் வாழ்ந்த குமரப்பா, 1960 சனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், இயற்கை எய்தினார். கல்லுப்பட்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் அவர் நினைவாகப் போற்றப்படுகிறது.